மிஞ்சிய பெண்ணும் மிஞ்சிய ஆணும்: சாதி போடும் தலைக்கணக்கு

1

1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானிடவியல் ஆசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் ஒரு கட்டுரை வாசித்தார். மாணவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். கட்டுரை ‘இந்தியாவில் சாதிகள்’. அடுத்த ஆண்டு ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் அச்சாயிற்று. ‘சாதி ஒழிப்பு’ நூலைப் படிக்கிற அளவுக்கு நம் தோழர்கள் இந்தச் சிறு கட்டுரையைப் படிப்பதில்லை. மனுதான் சாதியைப் படைத்தான் என்பதையே இதில் அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் எடுத்துக்கொள்வது ஒரு எண்ணிக்கை. ஒரு கூட்டத்தில் ஆண் எத்தனை, பெண் எத்தனை?

சாதி என்பது அகமணம். தன் கூட்டத்துக்குள்ளேயே கொடுத்து எடுப்பது. இது நமக்குத் தெரிந்ததுதான். அம்பேத்கர் இதற்கு மேலே போகிறார். ஒரு கூட்டம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டுமானால், கல்யாண வயதில் இருக்கிற ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஆனால் சாவு ஜோடி ஜோடியாக வருவதில்லை. புருஷன் செத்தால் ஒரு பெண் மிஞ்சுகிறாள். பெண்டாட்டி செத்தால் ஒரு ஆண் மிஞ்சுகிறான். மிஞ்சிய பெண்ணை அப்படியே விட்டால் வெளியே போய்க் கட்டிக்கொள்வாள், கதவு உடையும். உள்ளேயே இன்னொருவனைக் கட்டினால், கன்னிப்பெண் ஒருத்திக்கு வர வேண்டிய மாப்பிள்ளை குறைவான். அதனால் புருஷனோடு சேர்த்து அவளைக் கொளுத்து. இல்லையென்றால் கைம்பெண்ணாக மூலையில் உட்கார வை. மிஞ்சிய ஆணைக் கொளுத்த முடியாது. அவன் ஆண், கூட்டத்தின் சொத்து. துறவியாகப் போ என்றாலும் கூட்டம் சுருங்கும். ஆகவே இன்னும் வயசுக்கு வராத சிறுமியைப் பிடித்து அவனுக்குக் கட்டு. உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் மூன்றையும் தனித்தனி மூடப்பழக்கங்களாகவே சீர்திருத்தக்காரர்கள் பார்த்துவந்தார்கள். அம்பேத்கருக்கு மூன்றும் ஒரே கணக்கின் விடைகள்.

நூறு வருஷத்துக்கும் முந்தைய அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் குடும்ப வரலாற்றைப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. ‘குடும்பம் சிதையுது, சனம் குறையுது, கல்யாணத்துக்குப் பொண்ணு கெடைக்கல’ என்று எல்லாப் பக்கமும் ஒப்பாரி கேட்கிறது. யாருடைய குடும்பம்? யாருடைய சனம்? அந்தக் குடும்பம் சிதையாமல் இருந்த காலத்தில் யார் நன்றாக வாழ்ந்தார்கள்?

2

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பத்திரிகைகள் ‘விதவைப் பிரச்சினை’ என்று எழுதிக் குவித்தன. சகோதரி சுப்பலட்சுமி (1886–1969) சிறுமியாக இருந்தபோதே விதவையானவர். தன்னைப் போன்ற பார்ப்பன விதவைச் சிறுமிகளைப் படிக்கவைக்கச் சென்னையில் விடுதி நடத்தினார். கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அது இயங்கியது. பெரிய காரியம்தான், குறைத்துச் சொல்லவில்லை. 1929இல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 வயது என்று வரம்பு வைத்தது. அதற்கும் முன்னால் 1856இலேயே விதவை மறுமணச் சட்டம் வந்திருந்தது.

அந்த 1856 சட்டத்தால் சேரிக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. எங்கள் சனத்தில் புருஷன் செத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது வழக்கம். ‘அறுத்துக் கட்டுறது’ என்பது அதற்குப் பெயர். தலித்துகளிடம் மட்டுமல்ல, உழைக்கிற சாதிகள் பலவற்றிலும் இது இருந்தது. வேடிக்கை என்னவென்றால், மறுமணம் செய்துகொண்டால் செத்த புருஷன் சொத்தில் உரிமை போய்விடும் என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு சொன்னது. மறுமணம் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த சாதிப் பெண்களுக்கும் அதைப் பொருத்தித் தீர்ப்புச் சொன்ன உயர் நீதிமன்றங்கள் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றமும் அதில் ஒன்று. பார்ப்பன விதவைக்காக வந்த சீர்திருத்தம் சூத்திர விதவையின் கையில் இருந்ததைப் பறித்தது. தலித் விதவைக்குப் பறிக்க ஒன்றும் இல்லாததால் தப்பித்தாள்!

என் அப்பாவைப் பெற்ற ஆயா ரெண்டு தடவை தாலி கட்டிக்கொண்டவள். முதல் புருஷன் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தான். கையில் ஒரு பெண் குழந்தை. வருஷம் திரும்பியதும் பங்காளிகள் கூடி, வெத்தலை பாக்கு மாத்தி, என் தாத்தாவுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தப் பெண் குழந்தைதான் என் பெரிய அத்தை. என் அப்பா கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்தவள் அவள். அடுத்தவன் பிள்ளை என்று வீட்டில் ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்லை. இதைப்பற்றி ஆயாவிடம் கேட்டபோது, “புருசன் செத்தா வயிறும் கூடச் செத்துருமா கண்ணு? நாளைக்குக் களையெடுக்கப் போவணுமில்ல?” என்றாள். அவ்வளவுதான் விளக்கம்.

இதைப் புரட்சி என்று நான் சொல்லவரவில்லை. விதவையை மூலையில் உட்காரவைத்துச் சோறு போடுவதற்குச் சொத்து வேண்டும். சேரியில் அது இல்லை. ஒவ்வொரு கையும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். கட்டிக்கொண்ட இரண்டாவது புருஷன் அடித்தால் அதையும் வாங்கிக்கொண்டுதான் என் ஆயா களையெடுக்கப் போனாள். ஆனாலும் ஒன்று உண்மை. மிஞ்சிய பெண் எங்கள் சனத்தில் ஆகாதவள் ஆகவில்லை. அவள் குழந்தை அநாதை ஆகவில்லை. இதே வழக்கத்தைத்தான் ஊர்த்தெருவில், “அறுத்துக் கட்டுற சாதிதானே” என்று வசவாகச் சொன்னார்கள். பெண்ணை உயிரோடு விட்டது எங்களுக்கு இழிவு. மொட்டையடித்து உட்காரவைத்தது அவர்களுக்குக் கௌரவம்.

கூட்டுக்குடும்பம் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் ஒரே கூரையில் வாழ்ந்தார்கள், அது உடைந்துபோனதால்தான் நிம்மதி போச்சு என்று எழுதுகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே இருக்க முதலில் கூரை வேண்டும், கூரைக்குக் கீழே மண் வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய பறையர் பற்றிய குறிப்பில், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாரனை அண்டியிருந்த நிலைமை பதிவாகியிருக்கிறது. கூலி கேட்டால் வீட்டைக் காலிபண்ணு என்பான். குடியிருந்த மனைக்கு உழைப்பாளியைச் சொந்தக்காரனாக ஆக்கிய தமிழ்நாடு குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. பண்ணைக்கு ஒருத்தன், இலங்கைத் தோட்டத்துக்கு ஒருத்தன், கோலார் சுரங்கத்துக்கு ஒருத்தன் என்று பிய்த்துப் போடப்பட்ட சனம் நாங்கள். கூட்டுக்குடும்பம் பாகப்பிரிவினையில் உடையும். எங்களுக்குப் பாகமும் இல்லை, பிரிவினையும் இல்லை. அந்த ஒப்பாரியில் நாங்கள் மாரடிக்க வேண்டியதில்லை.

3

எங்கள் பக்கம் பரிசம் போட்டுத்தான் பெண் எடுப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணமும் சேலையும் தானியமும் கொண்டுவர வேண்டும். தலித்துகளிடம் மட்டுமல்ல, பார்ப்பனரல்லாத பல சாதிகளிலும் இதுதான் வழக்கம். வேலைக்குப் போகிற ஒரு கையை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீடு எடுத்துப்போகிறது, அதற்கு ஈடு. இதிலும் பெண்ணை விலைக்கு வாங்குகிற எண்ணம் இருந்தது. ஆனால் பெண் பிறந்தால் வீட்டில் இடி விழுந்த மாதிரி யாரும் உட்காரவில்லை.

பரிசம் எப்படி வரதட்சிணையாகத் திரும்பியது? ஜான் கால்டுவெல் என்கிற மக்கள்தொகை ஆய்வாளர் (நம் பிஷப் கால்டுவெல் அல்ல) தன் சகாக்களோடு கர்நாடகக் கிராமங்களில் ஆய்வு செய்து 1983இல் ஒரு விளக்கம் எழுதினார். எளிமையாகச் சொல்கிறேன். புருஷன் பெண்டாட்டியைவிட அஞ்சு வயது மூத்தவனாக இருப்பது வழக்கம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைச் சாவு குறைந்து, ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்தைவிட நூற்றுக்கு 2 பிள்ளைகள் கூடுதலாக வளர்கிறார்கள். அப்படியானால், இந்த வருஷம் வளர்கிற 100 ஆண்களுக்கு ஜோடியாக வரப்போகிறவர்கள் அஞ்சு வருஷம் கழித்துப் பிறக்கிற 110 பெண்கள். யாரும் சாகாமலே பத்துப் பெண்கள் மிஞ்சுகிறார்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகை 1961க்கும் 1971க்கும் இடையே நூற்றுக்கு 22க்கு மேல் பெருகியது. பரிசம் கேட்ட வீடுகள் வரதட்சிணைக்குப் பணம் புரட்டத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961இல் வந்ததையும் நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கை மட்டுமே காரணமானால் எல்லாச் சாதியிலும் ஒரே சமயத்தில் இது நடந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பம்புசெட்டும் கரும்பும் பருத்தியும் வந்து கையில் காசு புழங்கிய சாதிகளில் முதலில் வந்தது. பையன் படித்தான், உத்தியோகத்துக்குப் போனான். பெண்ணைக் காட்டு வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். வேலைக்குப் போன கை வீட்டுக்குள் வந்ததும் பாரமாயிற்று. பார்ப்பான் வீட்டைப் பார்த்து மற்றவன் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று அம்பேத்கர் 1916இல் எழுதியதும் இதுவே. மேலே இருப்பவனைப் பார்த்துப் போலச் செய்கிற நோய். மக்கள்தொகை மாற்றம் மிஞ்சிய பெண்களை உண்டாக்கியது. அந்தப் பெண்ணைப் பக்கத்துச் சாதிக்குக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். சாதி அதற்கு விடாது. ஆகவே பெண்ணுக்கு விலை வைத்து, அந்த விலையை அவள் அப்பன் தலையிலேயே கட்டியது.

4

அதே காலத்தில் அரசு இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தது: நாம் இருவர், நமக்கு இருவர். சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம். நெருக்கடி நிலைக் காலத்தில் 1976–77இல் மட்டும் நாடு முழுவதும் 82 லட்சம் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது; அதில் பெரும்பாலோர் ஆண்கள். அந்தக் கோபத்தில் ஆட்சியே கவிழ்ந்தது. ஆண்மேல் கைவைத்தால் ஓட்டுப் போகும் என்று தெரிந்துகொண்ட அரசுகள் கத்தியைப் பெண் பக்கம் திருப்பின. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் அளவில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு சாதித்துவிட்டது என்று புள்ளிவிவரம் காட்டுகிறார்களே, அந்தப் புள்ளிகள் எல்லாம் பெண்ணின் அடிவயிற்றில் போட்ட தையல்.

சாதனை பொய் என்று சொல்லவில்லை. 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கு மேல் ஒரு வயதுக்குள் செத்தன. இன்று 20க்கும் கீழே வந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நாலு பிள்ளைகள் என்று இருந்தது 1992–93இல் 2.5 ஆகி, 2019–21இல் 1.8 ஆனது. எங்கள் ஆயா எட்டுப் பெற்று நாலைப் புதைத்தவள். என் அம்மா மூன்று பெற்று மூன்றையும் வளர்த்தவள். சத்துணவுக்கும் செவிலியர் அம்மாவுக்கும் இதில் பெரிய பங்கு. புதைக்காமல் வளர்க்க முடிந்ததால்தான் சேரிப் பெண்கள் குறைவாகப் பெறத் துணிந்தார்கள். இது நல்வாழ்வு இல்லையென்றால் வேறு எது?

ஆனால் சாதிக் குடும்பத்துக்குள் இந்த ரெண்டு கணக்கும் சேர்ந்தபோது விபரீதமாயிற்று. பிள்ளை ரெண்டுதான் இருக்க வேண்டும். அதில் ஒன்று கட்டாயம் ஆணாக இருக்க வேண்டும். பெண்ணுக்குச் சீர் செய்தால் நிலம் போகும். முன்பு ஆறு பெற்றபோது மூணு பெண் இருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு பெறும்போது ரெண்டாவதும் பெண்ணானால்? உசிலம்பட்டிப் பகுதியில் பெண்சிசுக் கொலை நடப்பதை 1986இல் ‘இந்தியா டுடே’ இதழ் வெளியே கொண்டுவந்தது. கள்ளிப்பாலும் நெல்மணியும் ஊரறிந்த கதையாயின. அங்கே கள்ளர் குடும்பங்கள். சேலம், தருமபுரி, நாமக்கல் பக்கம் கவுண்டர், வன்னியர் குடும்பங்கள். அந்தச் சாதிகளில் எல்லா வீட்டிலும் நடந்தது என்று சொல்லவில்லை. கொன்ற தாய்மீது மட்டும் பழி போடவும் மாட்டேன். அவளுக்கு முன்னால் மாமியாரும், மாமியாருக்குப் பின்னால் நிலப்பட்டாவும் நின்றன.

1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் 6 வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 849 பேர். 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. 2001இல் எண்ணினால் 851. தொட்டிலையும் தாண்டி ஸ்கேன் வந்துவிட்டது. மாநிலச் சராசரி அப்போது 942. தலித் குழந்தைகளிடம் அது மாநிலச் சராசரிக்கு மேலேதான் இருந்தது. நாங்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல. பெண் குழந்தை எங்களுக்கு இன்னும் முழுதாகப் பாரமாகியிருக்கவில்லை, அவ்வளவே.

5

இப்போது கூட்டிப் பாருங்கள். 1991இல் சேலத்தில் எண்ணப்பட்ட அந்தக் குழந்தைகளுக்கு 2012இல் 21 முதல் 27 வயது. ஆயிரம் பையனுக்கு 151 பெண் இல்லை. அதோடு பிறப்பும் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததால் மேலே சொன்ன கணக்கு அப்படியே திரும்பிவிட்டது. பிறப்பு நூற்றுக்கு 2 வீதம் குறைந்தால், 100 மாப்பிள்ளைகளுக்கு அஞ்சு வருஷம் இளைய பெண்கள் 90 பேர்தான். மிஞ்சிய பெண்ணின் காலம் போய் மிஞ்சிய ஆணின் காலம் வந்தது.

இந்த ஆணை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் அம்பேத்கரின் கணக்கு மறுபடி மெய்யாகிறது. 2021 நவம்பரில் தமிழ்நாடு பிராமணர் சங்கத் தலைவர், தமிழ்நாட்டில் 30 முதல் 40 வயதுக்குள் 40,000க்கும் மேற்பட்ட பிராமண ஆண்கள் பெண் கிடைக்காமல் இருப்பதாகவும், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேடப்போவதாகவும் அறிவித்தார். கொங்குப் பகுதியில் பல வருஷமாகத் தரகர்கள் பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் கொண்டுவருகிறார்கள். மொழி வேறு, சோறு வேறு, குலதெய்வம் வேறு. பெண்ணின் சாதியைத் துருவித் துருவி யாரும் கேட்பதில்லை. ‘ஏதோ நல்ல குடும்பம்’ என்று முடித்துக்கொள்கிறார்கள். தங்கள் ஆண் மிஞ்சினால் கதவு பாலக்காடு வரைக்கும், பாட்னா வரைக்கும் திறக்கிறது.

தங்கள் பெண் சேரிப் பையனைப் பார்த்தால்?

2012 நவம்பர் 7. தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 260க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. இளவரசன் என்கிற தலித் பையனும் ஒரு வன்னியப் பெண்ணும் கல்யாணம் செய்துகொண்டதற்குத் தண்டனை. அதற்கப்புறம் ஊர் ஊராக, பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தலைமையில், ஜீன்ஸ் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டித் தலித் பையன்கள் ‘நாடகக் காதல்’ செய்கிறார்கள் என்று பிரச்சாரம் நடந்தது. 2013 ஜூலை 4இல் இளவரசன் ரயில் பாதை ஓரத்தில் பிணமாகக் கிடந்தார். 2015 ஜூனில் கோகுல்ராஜ். 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கர். 2025 ஜூலையில் திருநெல்வேலிப் பாளையங்கோட்டையில் கவின்.

பெண் பற்றாக்குறைதான் இந்தக் கொலைகளுக்குக் காரணம் என்று நேர்கோடு போட்டு முடிக்க மாட்டேன். விருத்தாசலம் பக்கம் முருகேசனையும் கண்ணகியையும் காதில் நஞ்சை ஊற்றிக் கொன்று எரித்தது 2003இல். சாதிவெறிக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பெண் அரிதானபோது அவள்மேல் காவல் இறுகியது. ‘நம்ம பையனுங்களுக்கே பொண்ணு இல்ல, அவன் வந்து தூக்கிட்டுப் போறான்’ என்ற பேச்சை டீக்கடையில் நானே கேட்டிருக்கிறேன். 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதும் இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு சட்டமாயிற்று. இப்போது அவள் போனால் அவளோடு நிலமும் போகும். பாலக்காட்டுப் பெண் வந்தால் நிலம் வீட்டில் இருக்கிறது, பிறக்கிற பிள்ளை அப்பன் சாதி. தன் பெண் சேரிக்குப் போனால் ரெண்டும் போகிறது. ஆகவே அகமணம் என்று அவர்கள் காப்பாற்றுவது ஆணின் சாதியை அல்ல. பெண்ணின் வயிற்றையும் அவள் பெயரில் எழுதப்படக்கூடிய பட்டாவையும்.

மிஞ்சிய பெண்ணைக் கொளுத்திய கணக்கு, பிறந்த பெண்ணைக் கொன்றது. பிழைத்த பெண்ணைப் பூட்டியது. அவளைத் தொட்ட தலித் பையனைக் கொல்கிறது. செத்தவர் யாராக இருந்தாலும் கணக்குப்பிள்ளை ஒருவன்தான்.

6

நம் வீட்டையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். தலித் பெண்களுக்கு வயலில் ஒரு அடி, வீட்டில் ஒரு அடி என்பதை சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989), பாமாவின் ‘சங்கதி’ (1994) வந்தபோதே நாம் பேசத் தொடங்கினோம். பேசிக்கொண்டிருந்தபோதே பரிசம் போயிற்று. எங்கள் காலனியில் ஆசிரியர் மாப்பிள்ளைக்கு ஒரு விலை, போலீஸ் மாப்பிள்ளைக்கு ஒரு விலை என்று வந்துவிட்டது. இடஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவன் அம்பேத்கர் படம் மாட்டிய கூடத்தில் உட்கார்ந்து எத்தனை பவுன் என்று கேட்கிறான். ‘அறுத்துக் கட்டுறது’ என்ற சொல்லையே படித்த பிள்ளைகள் வெட்கத்தோடு விழுங்குகிறார்கள். என் பக்கத்து வீட்டில் 29 வயதில் புருஷனைப் பறிகொடுத்தவள் ஒருத்தி இருக்கிறாள். சாராயம் கொண்டுபோய்விட்டது அவனை. ‘ரெண்டாங் கல்யாணமா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?’ என்று அவள் அண்ணன் கேட்கிறான். அந்த நாலு பேர் யார்? என் ஆயாவுக்கு வெத்தலை பாக்கு மாத்தியவர்களின் பேரன்கள்தானே!

பறையர், பள்ளர், அருந்ததியர் வீடுகளுக்குள் கொடுத்து எடுப்பது எத்தனை? தலித் ஒற்றுமை மேடையில் இருக்கிறது. பத்திரிகையில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகையில் இல்லை. 2011–12 இந்திய மனித வளர்ச்சி ஆய்வின்படி நாட்டில் சாதி கடந்து நடந்த கல்யாணம் நூற்றுக்கு 5 அளவில். நூற்றில் 95 கதவு சாத்தித்தான் கிடக்கிறது. அதில் நம் கதவும் உண்டு.

மிஞ்சுகிறவர்களில் இன்னொரு வகை இப்போது பெருகிக்கொண்டிருக்கிறது. 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். அது வேகமாகக் கூடிவருகிறது. புருஷன் மூத்தவன், சீக்கிரம் போய்விடுகிறான். தனியே நிற்பது கிழவி. ரெண்டு பிள்ளைகளில் ஒன்று திருப்பூருக்கு, ஒன்று பெங்களூருக்கு. ஊரில் அவள் கையில் நிலம் இல்லை, ஆகவே அவளைப் பார்க்க யாருக்கும் அவசரமும் இல்லை. அரசு 1962இல் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. 1975இல் விதவைகளுக்கும் வந்தது. 2023இல் அதை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தப் பணத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிற வேலையை நான் பல வருஷமாகச் செய்கிறேன். ‘ஆம்பளப் புள்ள இருக்குதா?’ என்பதுதான் முதல் கேள்வி. இருக்கிறான் என்றால் ‘ஆதரவற்றவள்’ என்று நிரூபிக்க அலைய வேண்டும். மகன் இருந்தால் சோறு இருக்கும் என்று நம்புகிற ஒரே ஆள் இன்றைக்கு அரசாங்கம்தான். ஒரு கிழவி என்னிடம் சொன்னாள்: “புள்ள இருக்கான்னு எழுதாத தாயி. இருக்கான்னா சோறு இல்ல, இல்லன்னா பணம் வரும்.”

7

2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதிகப் பிள்ளை பெறச் சொன்னார். அதே மாதம் சென்னையில் ஒரு திருமண விழாவில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், பதினாறும் பெற்று வாழ்க என்ற வாழ்த்தை நினைவூட்டிப் பேசினார். 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதிகள் உடனே பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மக்களவைத் தொகுதிகள் குறைந்துவிடும் என்ற அச்சம் காரணம். 1971 கணக்கெடுப்பை வைத்து 1976இல் நிறுத்திவைத்த தொகுதிப் பங்கீட்டை, பிள்ளையைக் குறைத்த மாநிலங்களுக்குத் தண்டனையாக மாற்றக் கூடாது என்ற கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு. அதை அரசியல் சட்டத்தில் போராடிப் பெற வேண்டும். பெண்ணின் கருப்பையில் பெற முடியாது.

இங்கே அம்பேத்கரிடம் இன்னொரு முறை போகலாம். 1938 நவம்பர் 10ஆம் நாள் பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் வந்தது. அம்பேத்கர் தயாரித்த உரையை அவர் கட்சிக்காரர் பி. ஜே. ரோஹம் வாசித்தார். தீர்மானம் தோற்றது. தாயின் உடல்நலமும், பெற்ற பிள்ளையைப் பசியில்லாமல் வளர்க்க முடிகிறதா என்பதும் அந்த வாதத்தின் உயிர். தமிழ்நாட்டில் பெரியாரும் அதே காலத்தில் கர்ப்பத்தடையைப் பெண் விடுதலைக்காகக் கேட்டார். நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கேட்பவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக் காட்டினார். பெண்ணின் பக்கம் நின்று ‘எத்தனை வேண்டும், அவளே சொல்லட்டும்’ என்பது ஒரு அரசியல். பெறாதே என்று 50 வருஷமும் பெறு என்று இப்போதும் அவளுக்கு ஆணையிடுவது வேறு அரசியல். முதல் அரசியல் நம் முன்னோடிகளுடையது. அதை விட்டுவிடலாகாது.

ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டுமென்று வருஷக்கணக்கில் கேட்டோம். 2025 அக்டோபரில்தான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அரசு அறிவித்தது. முருகேசன் கொலையிலிருந்து எண்ணினால் 22 வருஷம். நம் பையன்களும் அவர்களை நம்பி வந்த பெண்களும் உயிரோடு இருக்க அந்தச் சட்டம் அவசியம். அது மட்டும் போதாது என்பதும் தெரியும். சாதி மறுப்புக் கல்யாணமே மருந்து என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ சொன்னது. அந்த மருந்தை ஊர்த்தெருக்காரன் குடிக்கட்டும் என்று காத்திருக்காமல், சேரிக்குச் சேரி கொடுத்து எடுத்து, பவுன் கேட்கிற மாப்பிள்ளைக்குக் கதவைச் சாத்தி, 29 வயதுக்காரிக்கு வெத்தலை பாக்கு மாத்தி நாம் தொடங்கலாம்.

குடும்பம் நல்லதா கெட்டதா, பெரியதா சிறியதா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் நடத்தட்டும். நமக்கு ஒரு அளவுகோல் போதும். அந்த வீடு மிஞ்சினவர்களை என்ன செய்கிறது? புருஷனை இழந்தவளை, மூணாவதாகப் பிறந்த பெண்ணை, கட்டாமல் நிற்பவளை, வேலை செய்ய முடியாத கிழவியை? இந்தக் கேள்வியை முதலில் என் தெருவில் கேட்கப் போகிறேன். நீங்கள் உங்கள் தெருவில் கேளுங்கள்.